ஆறு ஆண்டு அனுபவம், அதே நாற்காலி: எந்தப் படிப்பு கைகொடுக்கும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு சிங்கப்பூர் வந்தவர் நீங்கள். வயது முப்பத்தொன்று. ஒரு ஏசி காண்ட்ராக்டரிடம் ஆறு ஆண்டுகளாக புராஜெக்ட் கோஆர்டினேட்டர். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த இருவர் புராஜெக்ட் இன்ஜினியர், சீனியர் இன்ஜினியர் என்று மேலே போய்விட்டார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து பிஎம்பி என்ற புராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா, மாலை நேர எம்எஸ்சி சேரலாமா, டேட்டா அனலிட்டிக்ஸ் பக்கம் தாவிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பேன், என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மற்ற மூன்றும் அதற்கு நீங்களே தேடிய மருந்துகள்.

நான் இங்கே கட்டடக் குளிரூட்டல் துறையில் நீண்ட காலமாக இருக்கிறேன். காண்ட்ராக்டர் பக்கம் தொடங்கி, ஆலோசனை நிறுவனத்துக்கு மாறி, இப்போது கட்டடத்துக்குக் குளிர்நீர் தயாரிக்கும் சில்லர் பிளாண்ட்களை அளந்து அறிக்கை எழுதும் வேலை. இளம் பொறியாளர்களை வேலைக்கு எடுப்பதும் பதவி உயர்வுக்குப் பரிந்துரைப்பதும் என் பொறுப்பில் வந்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன். செமிகண்டக்டர் ஆலையிலோ கப்பல் பட்டறையிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஏணி வேறு மாதிரி.

ஒரு நிறுவனம் யாரை மேலே ஏற்றுகிறது என்று கேட்டால், எந்த முடிவை யார் கையில் விட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்துத்தான் ஏற்றுகிறது. கோஆர்டினேட்டர் வேலையில் இருக்கும் சிக்கலே இங்குதான். ஆலோசகர் விளக்கம் கேட்டு அனுப்பிய ஆர்எஃப்ஐயை சப்ளையருக்கு அனுப்புவீர்கள், சப்ளையர் பதிலை ஆலோசகருக்கு அனுப்புவீர்கள். ஷாப் டிராயிங்கைத் துரத்துவீர்கள், மெட்டீரியல் எப்போது வரும் என்று துரத்துவீர்கள். நாள் முழுக்க ஓடுவீர்கள். ஆனால் அத்தனை ஓட்டத்திலும் உங்கள் சொந்தத் தீர்ப்பு எங்கே பதிந்திருக்கிறது? இந்த ஆறு ஆண்டில், "இதை இப்படிச் செய்யலாம், காரணம் இது" என்று உங்கள் பெயரில் எழுதிய தாள் எத்தனை இருக்கும்? அது இல்லாவிட்டால் மேலே இருப்பவருக்கு உங்களை நம்புவதற்கு ஒரு பிடிமானமே கிடைக்காது. உங்களிடம் திறமை இருக்கலாம். அது கண்ணில் படவில்லை.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொன்னால் நான் சொல்வது விளங்கும். எண்களைச் சற்று உருட்டிச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் சில்லரின் செயல்திறனை அளந்துகொண்டிருந்தோம். இங்கே பெரிய கட்டடங்களின் குளிரூட்டல் அமைப்பைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து கட்டட, கட்டுமான ஆணையத்துக்குக் காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அளவீடு சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, ஹீட் பேலன்ஸ். குளிர்நீரிலிருந்து எடுத்த வெப்பம், அதனுடன் கம்ப்ரசர் தின்ற மின்சாரம், இரண்டையும் கூட்டினால் கண்டென்சர் வெளியே தள்ளும் வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். எடுத்த அளவுகளில் 80 சதவீதமாவது 5 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், திருவாரூர்ப் பக்கம், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, கணக்கு ஒட்டல" என்றான். குளிர்நீர் வினாடிக்கு 80 லிட்டர், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5.5 டிகிரி வித்தியாசம், ஆக 1,844 கிலோவாட். கம்ப்ரசர் 314 கிலோவாட். மொத்தம் 2,158. கண்டென்சர் பக்கமோ 2,040தான் காட்டுகிறது. வித்தியாசம் 5.8 சதவீதம். எல்லையை விட்டுக் கொஞ்சம்தான் வெளியே.

இந்த இடத்தில் பலர் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு நாள் அளவெடுத்து, ஒட்டி வருகிற நாட்களை வைத்துக்கொள்வார்கள். அவன் பிளாண்ட் அறைக்குள் திரும்பிப் போனான். திரும்பும் குளிர்நீர்க் குழாயின் தெர்மோவெல்லில், அதாவது சென்சாரைச் செருகும் குழியில், சென்சார் அடிவரை இறங்காமல் நின்றிருந்தது, உள்ளே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் இல்லை. அறையின் சூடு உள்ளே ஏறி, நீர் உண்மையில் இருப்பதைவிட 0.35 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது. 5.5 டிகிரி வித்தியாசத்தில் 0.35 என்பது 6 சதவீதத்துக்கும் மேல். திருத்திப் போட்டால் குளிர்நீர்ப் பக்கம் 1,726 கிலோவாட், கணக்கு ஒட்டிவிட்டது.

ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. தவறான அளவின்படி அந்தச் சில்லர் ஒரு டன் குளிர்ச்சிக்கு 0.60 கிலோவாட் எடுத்துக்கொண்டிருந்தது. திருத்திய பிறகு 0.64. அதாவது இயந்திரம் வாடிக்கையாளர் நம்பியிருந்ததைவிட மோசம். அவன் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தான்: என்ன பார்த்தேன், எந்த எண், அதற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறேன், என்ன செய்யலாம், எதில் எனக்கு உறுதி இல்லை. அந்த ஐந்தாவது பகுதியில், "இது ஒரு நாள் அளவு மட்டுமே, ஒரு வாரம் பார்த்தபின்தான் இந்த 0.64ஐ இறுதி என்று சொல்லலாம்" என்று இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரிதான். தான் எங்கே நிச்சயமாக நிற்கிறோம், எங்கே நிற்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் கட்டட மேலாளர் என்னைத் தாண்டி அவனிடமே நேராகக் கேட்டார். அடுத்த பிளாண்டின் கமிஷனிங்கை, அதாவது ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையை, நிறுவனம் அவனிடம் கொடுத்தது. இடையில் அவன் எந்தச் சான்றிதழும் வாங்கவில்லை.

உங்களுக்கும் இதே வழியைத்தான் சொல்வேன். இப்போது நடக்கும் புராஜெக்டில் ஒரே ஒரு பகுதியை முழுசாக உங்களுடையதாகக் கேட்டு வாங்குங்கள். பெரிதாக வேண்டாம். கூலிங் டவர் பகுதி, ஒரு மாடிக்குக் குளிர்காற்று அனுப்பும் ஏஹெச்யு இயந்திர வரிசை, கார் நிறுத்துமிடத்து வெண்டிலேஷன், எதுவானாலும் சரி. ஸ்பெசிஃபிகேஷனைப் படிப்பதிலிருந்து டெஸ்டிங், கமிஷனிங், ஒப்படைப்பு வரை நீங்களே. ஏசி வேலையில் கமிஷனிங்தான் மிகச் சிறந்த பள்ளிக்கூடம். வரைபடத்தில் எழுதியது ஒன்று, நீரோட்டத்தைச் சமன்செய்யும் பாலன்சிங் வால்வைத் திருப்பும்போது மீட்டர் சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நின்று காரணம் கண்டுபிடிப்பவரைத்தான் பொறியாளர் என்கிறோம். பலர் அதை இரவு வேலை, வியர்வை வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனாலேயே கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அப்புறம், எழுதுங்கள். மேலே சொன்ன ஐந்து பகுதிகளை வைத்து, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். மேலதிகாரியிடம் பிரச்சினையோடு மட்டும் போகாதீர்கள். "இரண்டு வழி இருக்கிறது, நான் இரண்டாவதைச் சொல்கிறேன், செலவு இவ்வளவு கூடும், ஆனால் டக்டை மறுபடி பிரிக்க வேண்டியிருக்காது" என்று போங்கள். அவர் உங்கள் யோசனையை ஏற்காமல் போகலாம். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அவர் மனதில் பதிந்துவிடும். தனியாக ஒரு நோட்டும் போட்டு வையுங்கள்: என்ன முடிவு, என்ன காரணம், பிறகு என்ன ஆயிற்று. இரண்டு ஆண்டு கழித்து நேர்காணலிலோ தொழில்முறைத் தகுதிக்கு விண்ணப்பிக்கும்போதோ அந்த நோட்டைவிட நல்ல துணை கிடையாது. நிறுவனத்தின் ஆவணங்களைப் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை, அது தவறு. உங்கள் சிந்தனையை உங்கள் சொற்களில் எழுதி வையுங்கள்.

ஆங்கிலம் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அது உங்கள் பிரச்சினையில் பாதிகூட இல்லை. சிங்கப்பூர் சைட் மீட்டிங்கில் சீனர், மலாய்க்காரர், பங்களாதேஷி, மியன்மார்க்காரர், நாம் எல்லாருமே அவரவர் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம். யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. தடுப்பது பெரும்பாலும் வளர்ப்பு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வீட்டிலும் கல்லூரியிலும் பழக்கிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் மீட்டிங் மேசையில் அது மௌனமாகிவிடுகிறது. மீட்டிங்குக்கு முன்பே அஜெண்டாவைப் பார்த்து, உங்கள் பகுதியைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டம் தொடங்கும் முன்பே தலைமை தாங்குபவரிடம், "கூலிங் டவர் விஷயத்தில் எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அவரே கூப்பிடுவார், குறுக்கே புக வேண்டியதில்லை. சமூக மன்றங்களில் மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்கள் இருக்கின்றன. கட்டணமும் கட்டுப்படியாகும். எம்எஸ்சிக்குச் செலவழிப்பதற்கு முன் அங்கே ஆறு மாதம் போய்ப் பாருங்கள்.

வாயைத் திறப்பதும் எழுதுவதும் பதவி உயர்வுக்கான உத்தி மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கோல் நெடுஞ்சாலையில் வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். எஃகுத் தாங்கிகள் இணையும் இடத்தின் வடிவமைப்பில் பிழை இருந்ததை விசாரணைக் குழு கண்டது. அதோடு, சுவர் அளவுக்கு மீறி நகர்வதைக் கருவிகள் முன்கூட்டியே காட்டியும் அந்த எச்சரிக்கைகளுக்கு உரிய கவனம் கொடுக்கப்படவில்லை என்பதும் வெளிவந்தது. நம் துறையில் பள்ளம் இல்லை என்று நினைக்காதீர்கள். புகை வெளியேற்றும் விசிறி, தீயின்போது படிக்கட்டுக்குள் புகை புகாமல் காற்றழுத்தம் கொடுக்கும் பிரஷரைசேஷன், இவையெல்லாம் நாம்தான் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புகிறோம். ஒட்டாத எண்ணைப் பார்த்தவர் பேசியே ஆக வேண்டும்.

இனி நிச்சயமாகச் சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் மெக்கானிக்கல் பொறியாளருக்குச் சட்டத்தின் பலத்தோடு நிற்கும் தகுதி ஒன்று உண்டு. அது தொழில்முறைப் பொறியாளர் பதிவு, அதாவது புரொஃபஷனல் இன்ஜினியர் வாரியத்தில் பெயர் பதிவது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம், அடிப்படைத் தேர்வு, தொழில்முறைத் தேர்வு, குறைந்தது நான்கு ஆண்டு பொருத்தமான அனுபவம், பிறகு நேர்காணல். மற்ற எந்தச் சான்றிதழும் திறக்காத கதவை இது திறக்கும். சில வேலைகளில் அந்தப் பதிவு உள்ளவர் மட்டுமே கையெழுத்திட முடியும். லிஃப்டிங் கருவிகளையும் அழுத்தக் கலன்களையும் சோதித்துச் சான்றளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனையாளர்களும் இந்தப் பதிவு உள்ளவர்கள்தான்.

ஆனால் இந்தியாவில் படித்தவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் சிங்கப்பூர் 2006லும் இந்தியா 2014லும் முழு உறுப்பினர் ஆயின. அதற்காக இந்தியப் பட்டம் எல்லாம் செல்லும் என்று ஆகாது. இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற, அதுவும் டயர்-1 பிரிவில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான் அந்த உடன்பாடு பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் டயர்-1இல் வரும். பல்கலைக்கழகத்தோடு இணைப்பு மட்டும் பெற்ற சாதாரணக் கல்லூரி டயர்-2. கல்லூரியின் பெயர் மட்டும் போதாது, உங்கள் பிரிவு, நீங்கள் முடித்த ஆண்டு இரண்டும் அந்த அங்கீகாரக் காலத்துக்குள் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் எம்எஸ்சி வாங்கி இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உடன்பாடு இளநிலைப் பட்டத்தைத்தான் பார்க்கிறது, முதுநிலை அதற்கு ஈடாகாது. அந்த வழி அடைபட்டிருந்தால் சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகத்தின் சார்ட்டர்ட் இன்ஜினியர் தகுதியை விசாரியுங்கள். சட்டப்படி கையெழுத்திடும் உரிமை அதில் வராது, ஆனால் உங்கள் அனுபவத்தைத் துறையில் மூத்தவர்கள் உட்கார்ந்து எடைபோட்டுத் தரும் மதிப்பு அதற்கு உண்டு.

வேலை அனுமதி அட்டை விஷயமும் தெளிவானதுதான். 2023 செப்டம்பரிலிருந்து புதிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பங்கள் காம்பஸ் புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். சம்பளம், பட்டம் இரண்டும் உங்கள் கையில் இருப்பவை. நிறுவனத்தின் நாட்டினப் பன்மை, உள்ளூர் ஊழியர் விகிதம் இரண்டும் முதலாளி கையில் இருப்பவை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியானது. வயது ஏற ஏற அந்த வரம்பும் ஏறும். முப்பத்தொன்றில் இருப்பவர் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் திட்டம் போடக்கூடாது. தொகைகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே மனிதவள அமைச்சின் இணையப் பக்கத்தில் இருக்கும் சுயமதிப்பீட்டுக் கருவியில் உங்கள் விவரத்தைப் போட்டுப் பாருங்கள். வேலை மாறினால் புதிய முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கோபத்தில் ராஜினாமா கடிதம் நீட்டுவது நம் நிலையில் சரிவராது. பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்குப் பணம் குடிமக்களுக்கு மட்டும். பாஸில் இருக்கும்வரை முழுக் கட்டணமும் உங்கள் பையிலிருந்துதான்.

இதற்குமேல் நான் சொல்வது என் கருத்து, வேறு மாதிரி நினைக்கும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். பிஎம்பி எழுத, பட்டதாரிக்கு 36 மாதம் புராஜெக்டை நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். நடத்தியது என்பது அங்கே முக்கியமான சொல். இப்போதைய உங்கள் வேலையை வைத்து அந்தப் படிவத்தை நேர்மையாக நிரப்புவது கடினம். ஒரு பகுதியை முழுசாக எடுத்து நடத்திவிட்டு, அப்படியே மூன்று ஆண்டு சேர்த்துக்கொண்டு எழுதுங்கள். அப்போது உதவும். முன்கூட்டி எழுதி வைத்திருப்பவரை நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். எம்எஸ்சியைப் பொறுத்தவரை, ஆலோசனை நிறுவனத்துக்கோ எரிசக்தித் துறைக்கோ மாற முடிவு செய்துவிட்டவருக்கு அது பயன்படும். என்ன செய்வதென்று தெரியாததால் சேர்பவருக்கு, இரண்டு ஆண்டு கழித்தும் அதே குழப்பம் கடனோடு சேர்ந்து இருக்கும். டேட்டா அனலிட்டிக்ஸுக்கு முழுசாகத் தாவினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து வரும் இளைஞர்களோடு அவர்கள் களத்தில் போட்டி போட வேண்டும். உங்கள் ஆறு ஆண்டு அங்கே செல்லாக்காசு. அதே திறனை இங்கேயே பயன்படுத்தினால் கதை வேறு. கட்டடத்தின் இயந்திரங்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ்ஸில் குவியும் டிரெண்ட் பதிவுகளை எடுத்துச் சுத்தம் செய்து, எந்த ஏஹெச்யு ராத்திரி முழுக்க வீணாக ஓடுகிறது என்று காட்டத் தெரிந்த மெக்கானிக்கல் ஆட்களுக்கு எங்கள் பக்கம் எப்போதும் தட்டுப்பாடு.

நீங்கள் கேட்காத ஒரு படிப்பையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ச் சான்றுபெற்ற எரிசக்தி மேலாளர் பயிற்சி. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 54 டெராஜூல் அல்லது அதற்குமேல் எரிசக்தி செலவிடும் தொழிற்கூடங்கள் எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும், அதனால் அந்தத் திறனுக்குத் தேவை தொடர்ந்து இருக்கும். ஏசி வேலையில் இருந்து வருபவருக்குப் பாடத்தில் பாதி பழகியதாகவே இருக்கும். உங்கள் நிலையில் நான் இருந்தால் மூன்று படிப்புகளுக்கும் முன்னால் இதைத்தான் பார்ப்பேன்.

ஆக, இந்த வாரம் செய்ய வேண்டியது பணம் கேட்காத இரண்டு வேலைகள். கல்லூரிக்கு எழுதி, உங்கள் பிரிவுக்கு நீங்கள் முடித்த ஆண்டில் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருந்ததா, இருந்தால் எந்த டயர் என்று கடிதமாகவே வாங்குங்கள். மேலதிகாரியிடம் அடுத்த கமிஷனிங்கில் ஒரு பகுதியைக் கேளுங்கள். இரண்டு முறை கேட்டும் காரணமே சொல்லாமல் மறுத்தால், அங்கிருந்து கிளம்புவதைப் பற்றி யோசிக்கலாம், புதிய இடத்தின் பாஸ் கைக்கு வந்த பிறகு. கல்லூரியின் பதில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். டயர்-1 என்றால் அடிப்படைத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று விரிவாகச் சொல்கிறேன், இல்லையென்றால் சார்ட்டர்ட் இன்ஜினியர் வழியைப் பார்ப்போம்.